ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்த சனிக்கிழமைகள்

எனக்குக் குரல் கேட்கும். இப்போதும் கேட்கும். இதை எழுத உட்காரும்போதுகூட "இதெல்லாம் யாரு படிக்கப் போறாங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போனது. அதனால் "தியானம் பண்ணினேன், எல்லாம் போயே போச்சு" என்கிற மாதிரிக் கதை இது இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் நாங்கள் ஏழு பேர், பத்து வாரம், சனிக்கிழமை மதியங்களில் சேர்ந்து உட்கார்ந்த கதை. எங்களில் யாருக்கும் முப்பது வயது ஆகவில்லை. எல்லோருக்கும் சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, இல்லாத ஆபத்தை நிஜமென்று நம்புவது மாதிரியான மனநோய்) முதல் தடவை வந்து மூன்று வருடத்துக்குள்தான் இருக்கும். யார் பெயரையும் எழுதப் போவதில்லை, ஊரை வைத்தே சொல்கிறேன். அந்த ஊர்களையும் கொஞ்சம் மாற்றித்தான் வைத்திருக்கிறேன்.

எனக்கு வந்தது 2019இல், இருபது வயதில். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தேன். தொடர்ந்து மூன்று வாரம் நைட் ஷிப்ட், பகலில் ரூமில் ஆறு பேர், தூக்கம் சுத்தமாக வராது. மெஷின் ஓடுகிற சத்தத்துக்குள் யாரோ முணுமுணுக்கிற மாதிரி முதலில் இருந்தது, ஒரு வாரத்தில் முழு வாக்கியமாகிவிட்டது. "பாத்துக்கிட்டே இருக்காங்க, எந்திரி." நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். குரல் மட்டும் தமிழில், எட்டாம் வகுப்பு வாத்தியார் மாதிரி அதட்டும். அதனாலேயே அது என் மனதிலிருந்து வருகிறது என்று யார் சொல்லியும் நான் நம்பவில்லை. என் மனது தெலுங்கில்தானே யோசிக்கும்?

அப்புறம் ஏழு மாதம் வழக்கமாக நடக்கிறதெல்லாம் நடந்தது. மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம், இரண்டு கோழி. உறவில் ஒருவர் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். அங்கே 2001 ஆகஸ்டில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் இறந்தது அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்ததால், "எம் புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கடைசியில் பெங்களூரில் வேலை பார்க்கிற பெரியப்பா மகன்தான் அங்கே இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அது ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, நான் இன்டர்வியூவுக்குப் போன பஸ்ஸெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் போயிருக்கும். மாத்திரை தொடங்கி மூன்று வாரத்தில் பயம் இறங்கியது. குரல் சின்னதானது, ஆனால் நிற்கவில்லை. எடை மட்டும் பதினொரு கிலோ ஏறியது.

மாதாமாதம் பெங்களூர் போக முடியாமல் மாவட்டத்திலேயே ஓபியில் காட்ட ஆரம்பித்தோம். மாத்திரை இலவசம், டாக்டரும் நல்லவர், அதில் குறை இல்லை. ஆனால் அந்த பெஞ்ச் இருக்கிறதே! முப்பது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கை நடுங்க உட்கார்ந்திருக்கிறவர்கள், அவர்களுக்கு நடுவில் இருபது வயதில் நான். "நானும் இப்படித்தான் ஆகப்போறனா" என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்த ஒவ்வொரு மாதமும் வந்த நினைப்பு, குரலைவிட அதுதான் என்னை அதிகம் சாய்த்தது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் 1992இலேயே, சைக்கோசிஸ் புதிதாக வந்த இளவட்டங்களுக்கென்று தனியாக ஒரு சேவை தொடங்கிவிட்டார்களாம். பின்னாளில் அதை வாசித்தபோது எனக்கு அந்த பெஞ்ச்தான் ஞாபகம் வந்தது.

2020 லாக்டவுனில் மாத்திரை விட்டு விட்டுத்தான் கிடைத்தது. 2021இல் ஒரு பெரிய தப்பு செய்தேன். யாரோ சொன்னார்கள் என்று ஒரு தியான முகாமுக்குப் போனேன். எந்த முகாம் என்பது இங்கே முக்கியமில்லை. போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பேசக் கூடாது, கண்ணை மூடி ஒரு மணி நேரம், மறுபடி ஒரு மணி நேரம். "மாத்திரைய நம்பாதீங்க, மனச நம்புங்க" என்று ஒருவர் சொன்னார், நானும் ஆசையாக நம்பினேன், நம்பினால் எடை குறையுமே என்று. வெளிச்சத்தம் எல்லாம் அடங்கியதும் உள்ளே இருக்கிற சத்தத்துக்கு மைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் நாள் ராத்திரி நான் சுவர் ஏறிக் குதித்து, நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மாங்காய் ஏற்றுகிற டெம்போவில் வந்து என்னைக் கூட்டிப்போனார். வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கையும் இன்னொரு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டே ஓட்டினார்.

ஆகவே 2022இல் சைக்காலஜிஸ்ட் அக்கா "சின்னக் குழுவா உக்காந்து மைண்ட்ஃபுல்னெஸ், அதான் மனசுல வர்றத கவனிச்சுப் பாக்குற பயிற்சி, பண்ணலாமா" என்று கேட்டபோது நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டேன். அக்கா தடுக்கவில்லை. "பத்தே நிமிஷம். கண்ணைத் திறந்தே வச்சுக்கலாம். நான் நடுவுல நடுவுல பேசிக்கிட்டே இருப்பேன். புடிக்கலன்னா எந்திரிச்சுப் போய் டீ குடி, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றார். முதல் மூன்றும் என் காதில் ஏறவில்லை, எழுந்து போகலாம் என்ற கடைசி ஒன்றுக்காகத்தான் போனேன்.

அந்தப் பத்து நிமிடம் அக்கா சும்மா வைத்த கணக்கு இல்லை. ஜான் கபாட் ஸின் 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்டு வார வகுப்புதான் இன்றைக்கு எல்லோரும் மைண்ட்ஃபுல்னெஸ் என்று சொல்வதற்கு மூலம். அதில் வீட்டிலேயே தினம் முக்கால் மணி நேரம் பயிற்சி. எங்களுக்கு அது ஆகாது. இங்கிலாந்து உளவியலாளர் பால் சாட்விக்கும் கூட இருந்தவர்களும் இதை சைக்கோசிஸ் உள்ளவர்களுக்கென்று மாற்றினார்கள், 2005இல் அதைப் பற்றி எழுதினார்கள். நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தார்கள், நீண்ட மௌனத்தை எடுத்துவிட்டார்கள். நடத்துகிறவர் அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் ஏதாவது சொல்லி நம்மைத் தரைக்குக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். நான் முகாமில் விழுந்தது சரியாக இதற்கு நேர்மாறான இடத்தில். தியானத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அளவு வேறு என்பதை யாரும் சொல்லாததில்தான் கோபம்.

முதல் நாள் என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரல் மாதம், மதியம் மூன்று மணி, சிவப்புக் காவி போட்ட தரை, சுவரில் வாய்ப்பாடு சார்ட். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஏழு பேர் வட்டமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார வேண்டும் என்றால், "எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க" என்பதே வியாதியாக இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? ஓசூர்ப் பையன் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டான். அக்கா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எல்லா நாற்காலியையும் ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். ஜன்னல் வழியாகச் சையத் பாஷா மலை தெரியும். அதற்கப்புறம் பத்து வாரமும் மலையைப் பார்த்துத்தான் உட்கார்ந்தோம், அக்கா ஓரமாக உட்கார்ந்து பேசுவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, ஆனால் பக்கத்தில் ஆள் மூச்சு விடுவது தெரியும். அது போதுமாக இருந்தது.

ஃபேன் விஷயமும் அன்றைக்கே வந்தது. பழைய ஃபேன், சுற்றுக்கு ஒரு முறை டக் என்று சத்தம் போடும். மூன்றாவது நிமிடம் எனக்கு அந்த டக்கில் வாத்தியார் வந்துவிட்டார். எந்திரி, டக், எந்திரி, டக். கை தூக்கிச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குள் பாலக்கோட்டுப் பெண், அதுவரை வாயே திறக்காதவள், "அக்கா, அந்த ஃபேன் பேசுது, நிறுத்துங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேர் ஒரே நேரத்தில் "எனக்கும்" என்றார்கள். மூன்று வருடத்தில் இன்னொரு மனுஷர் அப்படிச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க மீதி ஏழு நிமிடம் உட்கார்ந்தோம். தியானத்தால் வந்த பலன் எது, கூட்டத்தால் வந்த பலன் எது என்று என்னைக் கேட்டால், அந்த "எனக்கும்"தான் பாதி என்பேன்.

உட்கார்வதில் ஒன்றும் மாயம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் வைக்க வேண்டும். தரை சில்லென்று இருக்கிறதா, சூடாக இருக்கிறதா, குதிகால் அழுந்துகிறதா, கட்டை விரல் அழுந்துகிறதா. பிறகு மூச்சு. நடுவில் குரல் வந்தால், பயம் வந்தால், யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்ற நினைப்பு வந்தால், "வந்திருக்கு" என்று மட்டும் பார்த்துவிட்டு மறுபடி பாதத்துக்கு வர வேண்டும். விரட்டக் கூடாது, அதனோடு வாதாடவும் கூடாது. அக்கா தமிழில் பேசினால் எனக்குக் குரலோடு கலந்துவிடுகிறது என்று சொன்னேன், இரண்டும் ஒரே பாஷை. "நீ மனசுக்குள்ள தெலுங்குல சொல்லிக்கோ" என்றார். நான் "காலு, காலு" என்று சொல்லிக்கொள்வேன். தெலுங்கிலும் காலுதான், எங்கள் ஊர்த் தமிழிலும் காலுதான் என்பது நாலாவது வாரம்தான் உறைத்தது. அன்றைக்கு நடுவிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதையும் "வந்திருக்கு" என்று பார்க்கச் சொன்னார்கள்.

முடித்த பிறகு அக்கா "நிம்மதியா இருந்துச்சா" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "என்ன கவனிச்சீங்க" என்றுதான் கேட்பார். நிம்மதி வந்ததா என்று கேட்டால் வராதவன் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும், பொய் சொல்லுவான். "பத்து நிமிஷமும் என்னைத் திட்டிச்சு, ஆனா எட்டாவது நிமிஷம் காக்கா கத்துனது கேட்டுச்சு" என்று ராயக்கோட்டைப் பையன் சொன்னான். அதுவும் பதில்தான்.

இரண்டாவது வாரம் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிடுகிற பயிற்சி. அக்கா ஒரு தட்டில் நிப்பட்டு (தட்டை மாதிரிப் பலகாரம்) வைத்திருந்தார். மற்ற இடங்களில் இந்தப் பயிற்சியை உலர்ந்த திராட்சையை வைத்துச் செய்வார்களாம், எங்கள் பக்கம் நிப்பட்டு. கையில் வைத்துப் பார், பொட்டுக்கடலை எங்கே இருக்கிறது, எண்ணெய் விரலில் ஒட்டுகிறதா, கடித்தால் சத்தம் எங்கே கேட்கிறது. மண்டைக்குள் கடக் என்று கேட்கிற அந்தச் சத்தத்தில் குரல் அமுங்கிப்போனது எனக்கு ஆச்சரியம். ஆனால் ராயக்கோட்டைப் பையன் எடுக்கவே இல்லை. அவனுக்கு வந்த பயமே சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்பதுதான், வீட்டில் அம்மா முதல் வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் அவன் தொடுவான். அக்காவுக்கு அது தெரியாமல் போனது தப்புதான், அதை அவரே அவனிடம் ஒத்துக்கொண்டார். "அடுத்த வாரம் நீயே வாங்கிட்டு வா, எங்களுக்கும் சேத்து" என்று காசு கொடுத்தார். அவன் வாங்கி வந்தான். பாக்கெட்டை அவனே பிரித்து அவனே எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தானும் ஒன்று எடுத்தான். அதற்கப்புறம் பத்தாவது வாரம் வரைக்கும் நிப்பட்டு அவன் பொறுப்பு.

எல்லாமே இப்படி நல்லபடியாகப் போகவில்லை. நாலாவது வாரம் தலையிலிருந்து கால் வரை ஒவ்வொரு பாகமாகக் கவனித்து வரச் சொன்னார்கள். வயிற்றுக்கு வந்தபோது பாலக்கோட்டுப் பெண் எழுந்து படிக்கட்டுக்கு ஓடிவிட்டாள். அவளுக்கு வயிற்றுக்குள் என்னமோ வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு முதலில் இருந்திருக்கிறது, மாத்திரையில் அடங்கியிருந்தது, அதைப் போய் உற்றுப் பார்க்கச் சொன்னால்? கூட நடத்த இன்னொரு அக்கா இருந்ததால் அவர் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார். நடத்துகிறவர் ஒரே ஆளாக இருந்திருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்குமோ. அதோடு அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். பாதமும் உள்ளங்கையும் மட்டும். அதற்கு மேல் உடம்பை நோண்டுவது இல்லை.

இதெல்லாம் எதற்கு, குரல் போகாதென்றால் என்ன பிரயோசனம் என்று ஐந்தாவது வாரம் வரை எனக்கே சந்தேகம். விளக்கம் கொடுத்தது நைனா, அவருக்கே தெரியாமல். அவர் மாங்காய் மண்டியில் முப்பது வருடமாக இருக்கிறவர். சீசனில் கூடப் போயிருந்தேன். ஏலம் நடக்கிறது, நாலு பக்கமும் கத்தல், பெங்களூரா ரகம் இவ்வளவு, செந்தூரா ரகம் இவ்வளவு என்று காது கிழிகிறது. நைனா பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டு நிற்கிறார். "எப்படி நைனா இந்தச் சத்தத்துல" என்று கேட்டேன். "கத்துறது அவன் வேலை. நான் தலையாட்டுனாத்தானே சரக்கு என் மேல விழும்" என்றார்.

சரி என்று அந்தச் சனிக்கிழமை அதை வைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். குரல் "எந்திரி" என்கிறது. நான் இதுவரை இரண்டே இரண்டு செய்திருக்கிறேன், ஒன்று எழுந்துவிடுவேன், இல்லை "முடியாது போடா" என்று உள்ளுக்குள் மல்லுக்கட்டுவேன். இரண்டுமே தலையாட்டுவதுதான். மல்லுக்கட்டினால் அது இன்னும் நாலு வார்த்தை பேசும், மதியம் முழுக்கப் போய்விடும். அன்றைக்கு முதல் முறையாக அது ஏலம் கூவட்டும் என்று விட்டுவிட்டுக் குதிகாலைப் பார்த்தேன். கூவியது. நான் வாங்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கலாம், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடம் எனக்கு என்ன மாதிரி இருந்தது என்பதை இங்கே எழுத வரவில்லை. குழுவில் சொன்னபோது ஓசூர்ப் பையன் "தலையாட்டாதடா" என்பதை எங்கள் கோட்வேர்டு ஆக்கிவிட்டான். இன்றைக்கும் யாராவது மெசேஜில் "இன்னிக்கு ஏலம் ஜாஸ்தி" என்று போட்டால் மற்றவர்களுக்குப் புரியும்.

ஆறாவது வாரம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை. எங்களில் ஒருவன், எல்லோரையும்விட நன்றாக உட்கார்கிறவன், "இப்பதான் சமாளிக்கத் தெரிஞ்சிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்திவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. எட்டாவது வாரம் வரவில்லை, ஒன்பதாவது வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எங்கள் ஆறு பேருக்கும் குற்ற உணர்ச்சி, நாம் இங்கே ஏலம், தலையாட்டல் என்று கொண்டாடியதுதான் அவனைக் கெடுத்துவிட்டதோ என்று. அக்கா அன்றைக்கு உட்காரவே வைக்கவில்லை, முழு நேரமும் இதைத்தான் பேசினோம். அதற்கப்புறம் வந்ததும் முதல் கேள்வி: தூக்கம் எத்தனை மணி நேரம், மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போச்சு. வெட்கப்படாமல் சொல்லலாம், திட்ட மாட்டார்கள். எடை ஏறுகிறது, பகலில் தூங்கி வழிகிறது என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கேட்கலாம், நாமாக நிறுத்துவது மட்டும் கூடாது. நான் கேட்டு மாற்றிக்கொண்டேன், பதினொன்றில் ஏழு கிலோ இறங்கியிருக்கிறது. அவன் மூன்று மாதம் கழித்து அடுத்த குழுவில் மறுபடி வந்து உட்கார்ந்தான், வந்த அன்றே நடந்ததை அவனே புதுப்பிள்ளைகளிடம் சொன்னான்.

நம் ஊரில் இதை நடத்த வேண்டும் என்றால் வேறு சில கஷ்டங்கள் உண்டு, அது எந்த வெளிநாட்டுக் கட்டுரையிலும் இருக்காது. மாடியில் மனநலம் என்று போர்டு வைத்திருந்தால் நாங்கள் பாதிப் பேர் படியேறியிருக்க மாட்டோம். டியூஷன் போர்டு எங்களைக் காப்பாற்றியது. பாலக்கோட்டுப் பெண்ணின் வீட்டில் அக்கம்பக்கத்துக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை பார்க்கிற வயது, "சைக்கோ" என்ற வார்த்தை ஒரு தடவை ஊரில் விழுந்துவிட்டால் எடுக்க முடியாது. அந்தப் பொய்யை அக்கா தப்பென்று சொல்லவில்லை, ஆனால் கம்ப்யூட்டரில் நாலு விஷயம் கற்றுக்கொடுத்து அனுப்பினார், யாராவது கேட்டால் தடுமாறக் கூடாதே. காலையில் வைத்தால் மாத்திரைத் தூக்கம் தெளிந்திருக்காது, சாயங்காலம் வைத்தால் கிராமத்துக்குப் பஸ் கிடைக்காது. மூன்று மணி அதனால்தான். ஜூன் மாதம் மாங்கூழ் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிற நேரம், இரண்டு பேர் கூலிக்குப் போய்விட்டார்கள். அதற்குக் கோபப்பட்டு என்ன செய்வது, அவர்களுக்கு வாரம் ஒரு தரம் போனில் பத்து நிமிடம்.

வீட்டில் செய்ய அக்கா தன் குரலில் பதிவு செய்து அனுப்புவார். ஹெட்செட்டில் கேட்காதீர்கள், இது என் அனுபவம். காதுக்குள்ளேயே இன்னொரு குரலா! போனைத் திண்ணையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தால் குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள்தான் செய்தேன், யாரும் கணக்குக் கேட்கவில்லை.

எங்களைக் கூட்டி வந்த அம்மாக்கள் கீழே டீக்கடைப் பக்கம் காத்திருப்பார்கள். முதலில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தூணுக்கு ஒருவராக நின்றார்கள். மூன்றாவது வாரம் களி கிண்டுகிற பேச்சில் ஆரம்பித்து, ஐந்தாவது வாரத்தில் எந்த மாத்திரைக்கு எவ்வளவு தூக்கம் என்கிற வரை போய்விட்டது. சென்னையில் ஸ்கார்ஃப் என்கிற மனநல ஆராய்ச்சி நிறுவனமும் கனடாவில் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து, முதல் தடவை சைக்கோசிஸ் வந்தவர்களை இரண்டு ஊரிலும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் சிகிச்சையோடு குடும்பம் அதிகம் சேர்ந்து நின்றது என்று வந்ததாம். எங்கள் டீக்கடை வாசலைப் பார்த்தவர்களுக்கு அது அதிசயமில்லை. ஆனால் அம்மாக்களை மாடிக்கு ஏற்றக் கூடாது என்பதில் அக்கா உறுதி. ஏற்றியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

பலன் நிரூபணமானதா என்று கேட்கிற அண்ணன்கள் இருப்பீர்கள். சாட்விக் குழு 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டது, தொந்தரவு தருகிற குரல்கள் கேட்கிற 108 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு மைண்ட்ஃபுல்னெஸும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்த ஒரு குழுவும், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். அவர்கள் முக்கியமாக அளக்க நினைத்தது பொதுவான மன உளைச்சல், அதில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் குரலால் வரும் வேதனையும் மனச்சோர்வும் குழுவில் இருந்தவர்களுக்குக் குறைந்திருந்தது. அது இளவட்டங்களுக்கு மட்டும் நடத்தியது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. என் கதையும் ஏறக்குறைய அதுதான், சத்தம் அப்படியே இருக்கிறது, என்னை அது அடிக்கிற அடி குறைந்திருக்கிறது.

இந்த மாதிரி ஒன்றுக்குத் தம்பியையோ தங்கையையோ அனுப்ப நினைத்தால், நடத்துகிறவரிடம் நான்கு விஷயம் கேட்டுவிடுங்கள். சைக்கோசிஸ் உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறாரா? எவ்வளவு நேரம் உட்கார வைப்பார், நடுவில் பேசுவாரா? நடுவில் எழுந்து போகலாமா, போனால் பின்னால் வர இன்னொரு ஆள் இருக்கிறாரா? மாத்திரை பற்றி என்ன சொல்வார்? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் மெதுவா நிறுத்திடலாம்" என்று பதில் வந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வியாதி உச்சத்தில் இருக்கும்போதும் இது வேண்டாம், முதலில் டாக்டர், தூக்கம், மாத்திரை. செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் சனிக்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இல்லை 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். ஒரு முறை ராத்திரி இரண்டு மணிக்கு நானே அடித்திருக்கிறேன்.

இப்போது காவேரிப்பட்டணத்திலேயே ஒரு ஒர்க்ஷாப்பில் பகல் வேலை. புதுக் குழு தொடங்கும்போதெல்லாம் சனிக்கிழமை போய் நாற்காலி எடுத்துப் போடுவேன், கூட உட்காருவேன். போன மாதம் ஊத்தங்கரைப் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான், பத்தொன்பது வயது இருக்கும், கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஷூவைக் கழற்றவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, இது பண்ணா குரல் போயிடுமா?"

"எனக்குப் போகலப்பா. இப்பவும் பேசுது."

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான், அப்புறம் மேலே பார்த்தான். ஃபேன் டக் டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்று எழுந்தேன்.

"இருக்கட்டும்ணா, வேர்க்குது," என்றான். "ஓடட்டும்."